குடிக்காதவன் கல்லீரலும் தயிர் பன்னும்

வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை மடித்து உள்ளே செருகி வைத்தது போல ஒரு பாரம். நான் கோட்டுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பின்னால் ஆட்கள் ஏறிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தால் அந்தப் பாரமும் கூடவே திரும்பியது.

மாரடைப்பு என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். இதயம் இடது பக்கம், பாரம் வலது பக்கம் என்பதெல்லாம் எனக்கு ஒரு தடையாக இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள். மழை பெய்தால் சவாரி வராதே என்று கவலை, பெய்யாவிட்டால் மாமனாரின் வயல் காய்ந்துவிடுமே என்று கவலை. கல்லூரிக்குப் போன மகள் இலக்கியா போனை எடுக்கவில்லை என்றால் என் மனதில் ஒரு விபத்தே நடந்து முடிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். “பயப்படுறதுல மட்டும் டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க” என்பாள் என் மனைவி வளர்மதி.

அவள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வண்டியை ஓட்டியது நான். ஆனாலும் அழைத்துப் போனது அவள்தான்.

இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானேன். டாக்டரம்மா விடவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எழுதினார். எல்லாம் வந்த பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“குடிப்பீங்களா?”

“இல்லைங்க டாக்டர்.”

“எப்பவாவது? விசேசத்துல?”

“எப்பவுமே இல்லைங்க.”

டாக்டர் வளர்மதியைப் பார்த்தார். வளர்மதி என்னைப் பார்த்தாள். இருபது வருடம் என்னோடு வாழ்ந்தவளின் கண்ணில் ஒரு நொடி சந்தேகம் வந்து போனதை நான் கண்டேன்.

எங்கள் ஊரில் இந்தப் பதிலை நம்ப ஆள் கிடையாது. காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது என்பதால் இங்கே மது மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் கூட்டம் வரும். வந்தவர்களைப் பத்திரமாகத் திரும்ப பஸ் ஏற்றிவிடுவதுதான் அந்த இரண்டு நாளும் என் ஆட்டோவுக்கு வேலை. அவர்களுடைய வாந்தியைக் கழுவியிருக்கிறேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. காரணம் ஒழுக்கம் இல்லை, பயம். குடித்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்ற பயம்.

“உங்களுக்கு ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு படிவது) இருக்கு” என்றார் டாக்டர். “குடிக்காதவங்களுக்கும் வரும். இப்பல்லாம் அவங்களுக்குத்தான் அதிகமா பாக்குறேன்.”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கொழுப்பு வெகுநாளாகப் படிந்து கிடந்ததில் ஃபைப்ரோஸிஸும் (கல்லீரலில் தழும்பு விழுந்து அது இறுகத் தொடங்குவது) வந்திருந்தது. இன்னும் போனால் சிரோசிஸ் (தழும்பு எங்கும் பரவி, கல்லீரல் சுருங்கி, வேலை செய்ய முடியாமல் போவது). நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டு டாக்டர் அதை எனக்குப் புரியும்படி சொன்னார். “இப்ப நீங்க நிக்கிற எடத்துல வண்டியத் திருப்பிடலாம். இன்னும் கொஞ்சம் போயிட்டா ரோடு ஒடுங்கிடும். திருப்ப எடம் இருக்காது.”

இதற்கென்று எனக்கு அவர் மாத்திரை எதுவும் தரவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரவேண்டும். அப்போது மறுபடி ஸ்கேன். தழும்பு குறைந்திருந்தால் பிழைத்தேன்.

திரும்பி வரும் வழியில் டீக்கடையைக் கண்டதும் வண்டி தானாக நின்றது. இரண்டு க்ரீம் பன் வாங்கி, டீயில் தோய்த்து, நின்றபடியே தின்றேன். ஒன்று கல்லீரலை நினைத்து, இன்னொன்று இலக்கியாவை நினைத்து. வளர்மதி பின்சீட்டில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா? இன்னொண்ணு வாங்கித் தரவா?” என்றாள்.

அப்போதுதான் கையில் இருந்த மிச்சத்தைப் பார்த்தேன். எனக்குக் குடி இல்லை. ஆனால் குடிக்கிறவர்கள் எதற்குக் குடிப்பார்கள் என்று சொல்வார்களோ, அதற்குத்தான் நான் பன் தின்றிருக்கிறேன். கவலை வந்தால் ஒன்று. கவலை தீர்ந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒன்று. எனக்குக் கவலை இல்லாத பொழுது என்று ஏதாவது உண்டா?

செய்தி மாமனார் ஊரான விழிதியூர் வரைக்கும் போய்விட்டது. மாமனார் மறுநாளே வந்து இறங்கினார். காபியை ஆற்றியபடி, மகள் அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“எத்தன வருசமா மாப்ள?”

“எது மாமா?”

“நம்மகிட்ட என்ன ஒளிவு மறைவு? ஆம்பளைன்னா இருக்கறதுதான். என்ன சரக்கு, அத மட்டும் சொல்லுங்க.”

“மாமா, சத்தியமா பன்னுதான்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நானும் அறுவது வயசு வரைக்கும் குடிச்சவன். எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க பன்னு தின்னு ஈரலக் கெடுத்துக்கிட்டேன்னு சொல்றீங்க. சரி, நம்புறேன்” என்றார். நம்பவில்லை. போகும்போது, “புதுசா வீடு கட்டிக்கிட்டிருக்கற நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வீடு எதுவும் கட்டவில்லை. அவர் இரண்டாவது மாப்பிள்ளையோடு குழப்பிக்கொண்டுவிட்டார். ரிப்போர்ட் வந்த பிறகு வளர்மதி முதலில் சிரித்தது அப்போதுதான்.

முதல் மாதம் பன்னை அடியோடு நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று வீட்டில் சொன்னேன். பகலெல்லாம் வைராக்கியமாக இருப்பேன். சாயங்காலம் சவாரி குறையும் நேரத்தில் ஒரு நடுக்கம் வரும். ஸ்டாண்டில் என் கூட ஓட்டும் பக்கிரி, “அண்ணே, பன்னு நம்மள ஒண்ணும் பண்ணாதுண்ணே, நாமதான் பன்ன பண்ணுவோம்” என்று பாதியைப் பிய்த்து நீட்டுவான். வாங்கிவிடுவேன். மாதக் கடைசியில் எடை பார்த்தபோது முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண். எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று ஆரம்பிப்பார் என நினைத்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் வேறு மாதிரி கேட்டார்.

“எதை விட முடியலைங்கண்ணா?”

“பன்னுங்க.”

“அப்ப விடாதீங்க. நீங்களே பண்ணுங்க.”

சோறு சமைக்கவே எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிக்கவேண்டும். அந்தக் கெட்டித் தயிர் ஒரு கிண்ணம், கோதுமை மாவு ஒரு கிண்ணம், கொஞ்சம் பேக்கிங் பவுடர், உப்பு. வெண்ணெய், டால்டா, சர்க்கரை, க்ரீம் எதுவும் கிடையாது. கடைப் பன்னில் அதெல்லாம்தான் கலோரியை (சாப்பாடு உடம்புக்குக் கொடுக்கும் சக்தியின் அளவு) ஏற்றுகிறதாம். பிசைந்து, உருட்டி, சுட வேண்டும். ஓவன் (ரொட்டி சுடும் மின் அடுப்பு) எல்லாம் வேண்டாம், குக்கரே போதும்.

அவர் சொல்லி முடித்ததும், “மிச்சத்த இவங்க பாத்துக்குவாங்க” என்று வளர்மதியைக் காட்டினேன். “இவங்களுக்கா லிவர்ல பிரச்சினை?” என்றார் அந்தப் பெண். வளர்மதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் என் வாழ்க்கையில் முதல் முறையாக மாவு பிசைந்தேன். பத்து விரலிலும் ஒட்டிக்கொண்டு, சொறியக்கூட முடியாமல் நின்றேன். ஒருவழியாக உருண்டை வந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

“எங்க போறீங்க?” என்றாள் வளர்மதி.

“சுடப்போறேன்.”

“பிசைஞ்ச உடனேயா? மாவுன்னா புளிக்க வேணாமா?”

அவள் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் இட்லி மாவோ தோசை மாவோ ராத்திரி முழுக்கப் புளிக்காமல் அடுப்பைப் பார்த்ததில்லை. பொங்கி வந்தால்தான் மாவு. அவசரப்படுகிறவர்களுக்குக் கல்லுப் போலத்தான் இட்லி வரும். ஆலோசகர் சின்னப் பெண், சொல்ல மறந்திருப்பார் என்று இரண்டு பேருமாகத் தீர்மானித்தோம். உருண்டையைத் தூக்குச்சட்டியில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, தோசை மாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். பொங்கி வழிந்துவிடுமோ என்று சட்டிக்கு அடியில் ஒரு தாம்பாளம் வேறு வைத்தேன். நான் கவலைப்படுகிற ஆள் அல்லவா.

காலையில் தோசை மாவு பொங்கியிருந்தது. என் மாவு சட்டியின் அடியில் பரந்து, மங்கலாக, செத்த மீனின் கண் மாதிரி கிடந்தது. இருந்தாலும் விடவில்லை. குக்கரில் வெயிட்டையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பிச் சூடாக்கி, மேலே தட்டை வைத்துச் சுட்டேன். வெளியே எடுத்துத் தரையில் போட்டால் ‘டங்’ என்றது.

“பக்கத்து வீட்ல மாடிப்படி கட்றாங்க. கேட்டுப் பாக்கவா?” என்றாள் வளர்மதி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது ஒன்றுதான் வழி என்று நம்பியிருந்தேன். இதுவும் இல்லையென்றால் நான் மறுபடி டீக்கடைக்குத்தான் போவேன் என்று எனக்குத் தெரியும். ரோடு ஒடுங்கிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரிந்தது.

வளர்மதி என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். ஆலோசகருக்குப் போன் போட்டது அவள்தான். “ராத்திரி நல்லாத்தான் புளிக்க வச்சோம்ங்க” என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“ஐயோ அக்கா! இது தோசை மாவு இல்லக்கா. தயிரும் அந்தப் பவுடரும் சேர்ந்த உடனே நுரைக்க ஆரம்பிச்சிடும். அந்த நுரைதான் பன்னத் தூக்கிவிடும். ராத்திரி பூரா வச்சிருந்தா நுரையெல்லாம் போயிடுமே. பிசைஞ்ச கையோட அடுப்புல வைக்கணும். காத்திருக்கவே கூடாது.”

காத்திருக்கவே கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காத்திருப்பதுதான். சவாரிக்குக் காத்திருப்பேன், ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பேன், வரப்போகும் கெட்டதுக்கு வாசலிலேயே போய் நின்று காத்திருப்பேன். பிசைந்த உடனே முடித்துவிட வேண்டிய ஒரு காரியம் எனக்குப் புதிதாக இருந்தது.

அன்று மாலை குக்கரை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு பிசைந்தேன். உருட்டினேன், வைத்தேன், மூடினேன். யோசிக்க நேரமே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. டீக்கடை வாசலில் வருகிற வாசனை, எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து. மூடியைத் திறந்தால் மூன்று பன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உப்பியிருந்தன. குக்கரில் சுட்டால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். அதைத் தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டுச் சிவக்க வைத்தேன். பிய்த்ததும் ஆவி வந்தது. இலக்கியா ஒரு வாய் தின்றுவிட்டு, “அப்பா, இது பன்னுப்பா!” என்று கத்தினாள். அவள் பிறந்தபோதுகூட நான் அப்படிப் பெருமையாக நின்றிருப்பேனா தெரியாது.

படிப்பவர்களில் எனக்கு வந்தது போல ரிப்போர்ட் வந்தவர்கள் இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். பன் என்னைக் குணமாக்கவில்லை. பன் சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்த இரண்டு வாரம் நான் ஒரு வேளைக்கு நான்கு தின்றேன். நம்முடைய பன்தானே, ஆஸ்பத்திரியில் சொன்ன பன்தானே என்று. எடை கூடிவிட்டது. “குறைஞ்ச கலோரின்னா கலோரியே இல்லன்னு அர்த்தமாண்ணா?” என்று ஆலோசகர் கேட்டார். அதன் பிறகு சாயங்காலம் ஒன்று, சர்க்கரை இல்லாத டீயோடு, கூட ஒரு கைப்பிடி சுண்டல் என்று ஆனது. காலையில் நடை. ராத்திரிச் சோறு பாதி. தயிரை வடித்த தண்ணீரை வளர்மதி குழம்பில் ஊற்றிவிடுவாள். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் வழி என் உடம்புக்கு.

பன் செய்தது வேறொன்று. கவலை வந்தவுடன் வாயில் போட இனிமேல் எதுவும் தயாராக இல்லை. வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய், குக்கரைச் சூடாக்கி, கை நிறைய மாவை ஒட்டிக்கொள்ளவேண்டும். கையில் மாவு ஒட்டியிருக்கும்போது போனை எடுத்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்க்க முடியாது. பன் வேகிற நேரத்தில் பாதிக் கவலை ஆறிப்போயிருக்கும். இது பசியா, இல்லை பயமா என்று அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நாற்பத்தாறு வயதில் அதை முதல் முறையாகக் கற்றுக்கொண்டேன். பசி வயிற்றில் இருக்கும். பயம் தொண்டையில் இருக்கும்.

ஸ்டாண்டுக்கும் கொண்டுபோனேன். பக்கிரி பாதியைத் தின்றுவிட்டு, “இனிப்பே இல்லையேண்ணே. கோவிச்சுக்கிட்ட பன்னு மாதிரி இருக்கு” என்றான். ஆனால் மிச்சப் பாதியையும் தின்றான். அடுத்த வாரம், “அந்தக் கோவக்காரப் பன்னு இருக்காண்ணே?” என்று அவனே கேட்டான். அவனுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவனும் குடிப்பதில்லை. அவன் மாமனாரும் நம்பவில்லையாம்.

பேண்ட் தளர்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். ஒருநாள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன், மூச்சு வாங்காமல் நிமிர்ந்தேன். அங்கேயே இன்னொரு முறை குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா, “என்ன தேடுறீங்க?” என்று கேட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்தது. ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி தூங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எடை சொன்ன அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் எடை வெளியே இருப்பது, தழும்பு உள்ளே இருப்பது. உள்ளே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விலா இடுக்கில் கருவியை வைத்தார்கள். ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) என்று பெயர். விரலால் சுண்டுவது போல ‘டப், டப்’ என்று உள்ளே தட்டும். வலிக்காது. போன முறை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கெட்ட செய்தி வருவதாக நினைத்து உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். இந்த முறை அது தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே இருப்பதும் நான்தானே.

டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு அந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. தழும்பும் கீழ எறங்கிடுச்சு. இப்படியே இருங்க, போதும்” என்றார்.

வளர்மதி ரிப்போர்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன்.

“அடுத்து எப்ப வரணுங்க?”

“ஒரு வருசம் கழிச்சு.”

“ஒரு வருசமா? அதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“ஆச்சுன்னா வாங்க. ஆகலைன்னா வேலையப் பாருங்க” என்று டாக்டர் சிரித்தார்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நல்ல வெயில். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை என்று கண்ணாடியில் பார்த்தேன். வளர்மதி கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இருந்த ரிப்போர்ட் நழுவிக் கால்மாட்டில் கிடந்தது.

ஆட்டோவில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். ஆறு மாதமாக அவள் என்னைக் கேலி செய்தாள், மாவுக்கு உப்பு பார்த்தாள், காலையில் எனக்கு முன்னால் எழுந்து நடைக்குச் செருப்பை எடுத்து வைத்தாள். தூங்கினாளா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

வேகத்தைக் குறைத்தேன். பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். எங்கள் வீடு இருக்கும் கோட்டுச்சேரி வந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாள் என்று தோன்றியது. நிறுத்தவில்லை. கடைத்தெருவைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பி, மறுபடி வந்த வழியே விட்டேன். எனக்குப் பசித்தது. வெறும் பசிதான். அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு ஓட்டினேன். எந்த நேரத்துக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மனதில் ஒன்றும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் கை காட்டினார்கள். வண்டி நிறைந்துவிட்டது என்று சைகை காட்டிவிட்டுப் போனேன்.